புற இணைப்பு நியமங்களும் சிப்செட்டும்: ஒரு திறனாய்வு

கணினிக்கு வெளியே இருக்கும் வன்தட்டு, பென்டிரைவ், கேமரா, கைப்பேசி ஆகியவற்றுக்கும் கணினிக்கும் இடையே தரவு போய்வர வகுக்கப்பட்ட விதிகளைப் புற இணைப்பு நியமங்கள் என்பர். யூ.எஸ்.பி., ஈ-சாட்டா, பயர்வயர், தண்டர்போல்ட் ஆகியவை இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை. இவற்றை ஒப்பிடும் அட்டவணைகள் இணையத்தில் ஏராளம் உள்ளன. நியமத்தின் பெயர், வெளிவந்த ஆண்டு, விநாடிக்கு இத்தனை கிகாபிட் என்ற மூன்று பத்திகளோடு பெரும்பாலான அட்டவணைகள் முடிந்துவிடுகின்றன. மாணவருக்கு உண்மையில் தேவைப்படும் நான்காவது பத்தி அவற்றில் இருப்பதில்லை. அந்த வேகத்தை உள்ளே ஏற்றுக்கொள்ளும் சிப்செட் எது என்பதே அந்தப் பத்தி.

சிப்செட் என்பதைத் தமிழில் சில்லுத் தொகுதி என்று எழுதுவதுண்டு. செயலிக்கும் மற்ற உறுப்புகளுக்கும் நடுவில் நின்று தரவை வாங்கிக் கொடுக்கும் சில்லு அது. பழவேற்காட்டைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஏரி எவ்வளவு பரந்து கிடந்தாலும், படகு கடலுக்குள் போவதும் வருவதும் முகத்துவாரத்தின் ஆழத்தைப் பொறுத்ததே. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுவிட்டால் பெரிய எஞ்சின் வைத்த படகும் கரையிலேயே கிடக்க வேண்டியதுதான். கணினியின் ஓரத்தில் தெரியும் போர்ட் படகுத்துறை, சிப்செட் முகத்துவாரம்.

இந்தக் கணக்கு பொன்னேரிப் பகுதிக்குப் புறம்பானதன்று. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று காக்களூரில் தொடங்கி வைக்கப்பட்டது. பொன்னேரி வட்டம் அடங்கிய அதே திருவள்ளூர் மாவட்டத்து ஊர்தான் காக்களூர். கடலையும் ஏரியையும் நம்பி வாழும் குடும்பங்கள் பலவற்றில் முதன்முதலில் நுழைந்த கணினி அதுவே. அந்த 2011ஆம் ஆண்டு, புற இணைப்பு வரலாற்றில் மிக இக்கட்டான ஆண்டாகவும் அமைந்தது. புதிய நியமம் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. உலகில் மிகுதியாக விற்ற சிப்செட்டில் அது இன்னும் இடம்பெறவில்லை.

நான்கு நியமங்கள்

யூ.எஸ்.பி. 1996இல் வந்தது. காம்பேக், டெக், ஐ.பி.எம்., இன்டெல், மைக்ரோசாப்ட், என்.இ.சி., நார்டெல் ஆகிய ஏழு நிறுவனங்கள் சேர்ந்து வகுத்தவை இதன் விதிகள். இன்டெல் குழுவில் இதை முன்னெடுத்தவர்களுள் ஒருவர் வடோதராவில் படித்த அஜய் பட். விசைப்பலகைக்கு ஒரு துளை, அச்சுப்பொறிக்கு வேறொரு துளை, மோடத்துக்கு மற்றொன்று என்றிருந்த நிலையை ஒழிப்பதே அப்போதைய நோக்கம். விநாடிக்கு 12 மெகாபிட் வேகம் அதற்குப் போதுமானதாக இருந்தது. 2000ஆம் ஆண்டு வந்த யூ.எஸ்.பி. 2.0, அதை 480 மெகாபிட்டாக உயர்த்தியது. பிட்டுகளை எட்டால் வகுத்தால் விநாடிக்கு 60 மெகாபைட் வரும். ஆனால் நடைமுறையில் கிடைப்பது 30 முதல் 40 வரைதான்.

ஏன் இந்த இழப்பு? யூ.எஸ்.பி. 2.0இல் எந்தச் சாதனமும் தானாகப் பேசாது. கணினி ஒவ்வொன்றாகக் கேட்டுவரும்; தன் முறை வந்ததும்தான் சாதனம் பதில் தரும். பழவேற்காட்டு மீனவர்களிடையே வழங்கும் பாடு முறையும் ஏறத்தாழ இப்படிப்பட்டதே. ஏரியின் மீன்பிடி இடங்கள் முறைவைத்துப் பகிரப்படுகின்றன; தன் முறை வராதவர் அன்று அங்கே வலை விரிப்பதில்லை. நியாயத்துக்கு உகந்த முறை இது, வேகத்துக்கு உகந்ததன்று. ஒரே ஹப்பில் வன்தட்டையும் கேமராவையும் சேர்த்துச் செருகினால் இரண்டும் ஒரே பாட்டைப் பங்கிட்டுக்கொள்ளும். மேலும் இந்த நியமத்தில் ஒரே இணைக்கம்பியில்தான் போக்கும் வரத்தும். எழுதும்போது படிக்க இயலாது.

பயர்வயர் 1995இல் நியமமாக்கப்பட்டது. ஒளிப்பதிவுக் கருவிகளோடு நன்கு பழகியது. அக்கருவிகள் மாறியதும் மறைந்தது. இங்கே அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

ஈ-சாட்டா 2004இல் வந்தது. கணினிக்குள் வன்தட்டை இணைக்கும் சாட்டா முறையையே கேபிள் நீட்டி வெளியே கொண்டுவந்ததுதான் இது. மூன்று கிகாபிட் வகையில் விநாடிக்கு 300 மெகாபைட் வரை தாங்கும்.

நவம்பர் 2008இல் யூ.எஸ்.பி. 3.0 விதிகள் வெளியாயின. 5 கிகாபிட் என்று சொல்லப்பட்டாலும், ஒவ்வொரு எட்டு பிட்டும் பத்து பிட்டாகப் பொதியப்பட்டு அனுப்பப்படுவதால், தரவுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 500 மெகாபைட். ஈ-சாட்டாவின் 300 என்பதும் இதே பொதிதலைக் கழித்த கணக்குத்தான். யூ.எஸ்.பி. 3.0இல் போக்குக்கும் வரத்துக்கும் தனித்தனி இணைகள் உண்டு. சாதனம் தயாரானதும் தானே தகவல் சொல்லவும் வழி செய்யப்பட்டது.

ஈ-சாட்டாவின் தோல்வி

2008 முதல் 2011 வரை, வெளிப்புற வன்தட்டுக்கு மிகப் பொருத்தமான நியமம் எது என்று கேட்டால் ஈ-சாட்டா என்றே சொல்ல வேண்டும். வன்தட்டின் சொந்த மொழியிலேயே அது பேசியது. இடையில் மொழிபெயர்க்கும் சில்லு கிடையாது. பல கட்டளைகளை ஒரே நேரத்தில் வாங்கி, தட்டு சுழலும் ஒழுங்குக்கு ஏற்ப வரிசைப்படுத்தி நிறைவேற்றும் வசதி அப்படியே கிடைத்தது. அக்கால யூ.எஸ்.பி. வன்தட்டுகளோ ஒரு கட்டளை முடிந்த பிறகுதான் அடுத்ததை வாங்கின. தட்டின் உடல்நிலையைச் சொல்லும் உட்பதிவுகளையும் ஈ-சாட்டா வழியே நேரடியாகப் படிக்கலாம். கெடப்போகும் தட்டை முன்கூட்டியே கண்டுபிடிக்க இது பெரிதும் உதவியது.

எனினும் அது தோற்றது. ஒரு கம்பி குறைந்ததே முதன்மையான காரணம். ஈ-சாட்டா கேபிளில் மின்சாரம் வராது. தட்டுக்குத் தனி அடாப்டர் வேண்டும். மேசையில் ஊன்றி வைக்கும் கணினிக்கு இது சிறு குறை, மடிக்கணினிக்குப் பெருங்குறை. மின்தடை நேரத்தில் மடிக்கணினி தன் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். சுவரில் செருகிய அடாப்டர் நின்றுவிடும். அதோடு தட்டும் நின்றுவிடும், பாதி எழுதிய கோப்போடு. யூ.எஸ்.பி. 3.0 அதே கேபிளில் 900 மில்லி ஆம்பியர் தந்தது. யூ.எஸ்.பி. 2.0 தந்தது 500தான். அது போதாமல் இரண்டு துளைகளில் செருகும் இரட்டைவால் கேபிள்கள் விற்கப்பட்ட காலமும் உண்டு. ஈ-சாட்டாவோடு மின்சாரத்தையும் தரும் கூட்டுத் துளையைச் சில நிறுவனங்கள் செய்தன. சாட்டா நியமங்களை வகுத்த அமைப்பு அதை நியமமாக்கவில்லை.

இன்னொரு காரணம் அதிகம் பேசப்படாதது. ஈ-சாட்டா தட்டைக் கணினி ஓடும்போதே செருகிப் பிடுங்க வேண்டுமானால், பயாஸ் அமைப்பில் ஏ.எச்.சி.ஐ. என்ற முறை இயக்கப்பட்டிருக்க வேண்டும். பழைய ஐ.டி.இ. முறையில் வைத்து விற்கப்பட்ட கணினிகளில், செருகிய தட்டு தெரிவதற்குக் கணினியை அணைத்து மீண்டும் இயக்க வேண்டியிருந்தது. பயாஸ் என்றால் என்னவென்று அறியாதவர், தட்டு கெட்டுவிட்டது என்றே முடிவுகட்டியிருப்பார்.

ஆகவே, யூ.எஸ்.பி. 3.0 வேகத்தால் வென்றது என்ற வழக்கமான விளக்கம் சரியன்று. அக்காலச் சுழலும் வன்தட்டுகள் விநாடிக்கு 100 மெகாபைட் அளவிலேயே படித்து எழுதின. அவற்றுக்கு 300 மெகாபைட் பாதையும் ஒன்றுதான், 500 மெகாபைட் பாதையும் ஒன்றுதான். பொன்னேரி மீன்வளக் கல்லூரி மாணவர் ஒருவர் ஏரியில் எடுத்த களப்பதிவு 20 கிகாபைட் இருப்பதாகக் கொண்டால், யூ.எஸ்.பி. 2.0 வழியே அது தட்டுக்குப் போக ஒன்பது, பத்து நிமிடங்கள் ஆகும். ஈ-சாட்டாவிலும் யூ.எஸ்.பி. 3.0இலும் மூன்றேகால் நிமிடம் போதும். அட்டவணையில் பெரிதாகத் தெரியும் 300, 500 வேறுபாடு இங்கே காணாமலே போய்விடுகிறது.

மலிவான பென்டிரைவ் என்றால் கதையே வேறு. அதன் உள்ளிருக்கும் நினைவகம் விநாடிக்கு 8 மெகாபைட் வேகத்தில்தான் எழுதும் என்றால், அதே 20 கிகாபைட்டுக்கு நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். போர்ட் எதுவானாலும் அதில் மாற்றம் இல்லை. நுனியில் நீல நாக்கு இருக்கிறது என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்கும் முன் இதை நினைவில் கொள்வது நல்லது.

இன்டெல் வைத்த பூட்டு

விதிகள் 2008இல் வெளியானதும் 2009இல் என்.இ.சி. நிறுவனம் யூ.எஸ்.பி. 3.0 கட்டுப்பாட்டுச் சில்லைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்தத் தொழில் பின்னர் ரெனசாஸ் பெயருக்கு மாறியது. கணினி செய்பவர்கள் இந்தச் சில்லைத் தாய்ப்பலகையில் தனியே பதித்து, நீலத் துளை வைத்து, பெட்டியில் 5 கிகாபிட் என்று அச்சிட்டார்கள்.

அச்சிட்டது பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. இந்தத் தனிச் சில்லு, சிப்செட்டோடு பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்ற பாதையின் ஒரே தடத்தில் இணைகிறது. 2010இல் புழங்கிய இன்டெல் 5 வரிசைச் சிப்செட்டுகளில், அந்தத் தடம் ஒரு திசையில் விநாடிக்கு 250 மெகாபைட்டுக்கு மேல் தராது. 500 மெகாபைட் நியமம் பாதியாகிவிட்டது. 300 மெகாபைட் ஈ-சாட்டாவோ அதே சிப்செட்டின் உள்ளேயே பிறந்தது. அதற்கு இடைத்தடம் தேவையில்லை. எனவே அந்த ஓராண்டில், அட்டவணைப்படி மெதுவான நியமம், அட்டவணைப்படி வேகமான நியமத்தைவிட அகலமான பாதை பெற்றிருந்தது. போர்ட்டின் பெயரை மட்டும் வைத்து ஒப்பிடும் கட்டுரைகளில் இந்த உண்மை இடம்பெறவே முடியாது.

2011 தொடக்கத்தில் இன்டெல் 6 வரிசை வந்தது. தடத்தின் வேகம் இரட்டிப்பானது. ஆயினும் யூ.எஸ்.பி. 3.0 உள்ளே வரவில்லை. அதே ஜனவரி 31 அன்று இந்தச் சிப்செட்டில் வடிவமைப்புக் குறை இருப்பதை இன்டெல்லே அறிவித்தது. மூன்று கிகாபிட் சாட்டா போர்ட்டுகள் காலப்போக்கில் தேய்ந்து பிழை செய்யக்கூடும் என்றும், திருத்தவும் மாற்றித் தரவும் ஏறத்தாழ 70 கோடி டாலர் செலவாகும் என்றும் நிறுவனம் மதிப்பிட்டது. ஆறு கிகாபிட் போர்ட்டுகள் இரண்டும் தப்பின. ஈ-சாட்டாவை மூன்று கிகாபிட் வரிசையில் இணைத்திருந்த கணினிகளுக்கு, சிப்செட்டுக்குள் பிறந்ததே ஊறாக முடிந்தது.

போட்டி நிறுவனமான ஏ.எம்.டி. அந்த ஆண்டின் நடுவில் ஏ75 சிப்செட்டை வெளியிட்டது. யூ.எஸ்.பி. 3.0ஐ உள்ளேயே கொண்ட முதல் சிப்செட் அதுதான். இன்டெல், பெய்ஜிங்கில் ஏப்ரல் 2011இல் நடந்த தன் கூட்டத்தில், அடுத்த ஆண்டு வரும் ஐவி பிரிட்ஜ் தலைமுறையில் சேர்ப்பதாக அறிவித்தது. சொன்னபடி ஏப்ரல் 2012இல் 7 வரிசை வந்தது. மொத்தம் 14 யூ.எஸ்.பி. போர்ட்டுகள், அவற்றுள் யூ.எஸ்.பி. 3.0 நான்கு. விதி வெளியானதற்கும் பெரும்பான்மைக் கணினிகளில் அது இயல்பாக அமைந்ததற்கும் இடையே மூன்றரை ஆண்டுகள் ஓடிவிட்டன.

இந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம் அப்போதே பேசப்பட்டது. இன்டெல் உருவாக்கி, பிப்ரவரி 2011இல் ஆப்பிள் மேக்புக் புரோவில் முதலில் வந்த தண்டர்போல்ட், 10 கிகாபிட் வேகம் கொண்டது. அதற்கு வழிவிடவே யூ.எஸ்.பி. 3.0 நிறுத்தி வைக்கப்பட்டது என்றனர் சிலர். இன்டெல் இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்பவை என்றே சொல்லிவந்தது. உள்நோக்கம் எதுவானாலும் விளைவு ஒன்றுதான். தண்டர்போல்ட் கேபிளின் இரு முனைகளிலும் சில்லுகள் வேண்டும். ஆப்பிள் 2011இல் அந்தக் கேபிள் ஒன்றையே 49 டாலருக்கு விற்றது. அரசு வாங்கித் தரும் மடிக்கணினிக்கோ, மீனவர் வீட்டுப் பிள்ளை வாங்கும் கணினிக்கோ அது எட்டாக் கனி. அவர்களுக்கு எட்டக்கூடிய நியமத்தின் வருகைதான் தள்ளிப்போயிற்று. இன்டெல் சிப்செட் கொண்ட விலை குறைந்த மடிக்கணினியில் தனிச் சில்லுக்குச் செலவிட வாய்ப்பு அரிது. 2011இல் அத்தகைய கணினியைப் பெற்ற மாணவர், 2000ஆம் ஆண்டு நியமத்தோடுதான் கல்லூரிப் படிப்பை முடித்திருப்பார்.

விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோசோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் சேர்த்துப் பதியப்பட்டிருந்தது. பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. யூ.எஸ்.பி. 3.0ஐ முதலில் ஆதரித்த இயங்குதளம் லினக்சே. செப்டம்பர் 2009இல் வந்த 2.6.31 பதிப்புக் கருவில் அதற்கான நிரல் சேர்ந்தது. விண்டோஸ் 7இல் அந்த ஆதரவு இல்லை; இயக்கி மென்பொருளைத் தனியே நிறுவ வேண்டும். 2015இல் இன்டெல் 100 வரிசைச் சிப்செட்டிலிருந்து பழைய யூ.எஸ்.பி. 2.0 கட்டுப்பாட்டகத்தை நீக்கியபோது, விண்டோஸ் 7ஐப் புதிதாக நிறுவ முயன்றவர்களின் விசைப்பலகையும் மவுசும் நிறுவும் திரையிலேயே செயலற்றுப் போயின. கணினி பழுது என்று கடைக்குத் தூக்கிப் போனவர்கள் உண்டு. பழுது எதுவும் இல்லை. சிப்செட் புதிது, இயங்குதளம் பழையது, அவ்வளவே.

பழைய கணினி வாங்குபவர்களுக்கு

பொன்னேரியிலிருந்து மின்சார ரயிலில் சென்னை வந்து, ரிச்சி தெருவில் பழைய மடிக்கணினி தேடும் மாணவர்கள் குறைவில்லை. அலுவலகங்கள் கழித்துவிட்ட திங்க்பேட் வகைகள் அங்கே பெயர் பெற்றவை. அவற்றுள் டி420, டி430 என்ற இரண்டும் வெளித்தோற்றத்தில் ஏறத்தாழ ஒன்றே. விசைப்பலகையைத் தவிரப் பெரிய வேறுபாடு கண்ணில் படாது. டி420 2011இல் 6 வரிசைச் சிப்செட்டோடு வந்தது. அதில் ஈ-சாட்டாவும் யூ.எஸ்.பி.யும் சேர்ந்த ஒரு கூட்டுத் துளை உண்டு; மற்றவை யூ.எஸ்.பி. 2.0. அடுத்த ஆண்டின் டி430இல் 7 வரிசைச் சிப்செட்; ஈ-சாட்டா போயிற்று, யூ.எஸ்.பி. 3.0 இரண்டு வந்தன. மேலே சொன்ன வரலாறு முழுவதும் இந்த இரு கணினிகளின் ஓரங்களில் எழுதியிருக்கிறது. வன்தட்டில் வேலை உள்ளவர் ஓராண்டு புதியதற்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது வீண்செலவாகாது. செயலியின் வேகத்தில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அத்தனை பெரிதில்லை. தரவுப் போக்குவரத்தில் மூன்று மடங்கு.

நிறத்தை மட்டும் நம்பி வாங்குவது ஆபத்து. யூ.எஸ்.பி. 3.0 துளைக்கு நீலம் என்பது பரிந்துரை மட்டுமே. கறுப்பு நிறத்தில் யூ.எஸ்.பி. 3.0 வைத்த கணினிகளும் உண்டு. மஞ்சள் துளை பெரும்பாலும் கணினி அணைந்திருக்கும்போதும் மின்சாரம் தரும் என்பதைக் குறிக்கும். வேகத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. லினக்ஸ் உள்ள கணினியில் எல்எஸ்யூஎஸ்பி என்ற கட்டளையை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டி, இடைவெளி விட்டு, ஒரு கழித்தல் குறியும் டி எழுத்தும் சேர்த்தால், செருகிய ஒவ்வொரு சாதனத்துக்கும் நேரே 480 அல்லது 5000 அல்லது 10000 என்ற எண் வரும். கடைக்காரர் சொல்லைவிட அந்த எண் நம்பத்தக்கது.

அந்த எண் சில நேரம் வியப்பளிக்கும். நீலத் துளையில் நீல நுனியைச் செருகியும் 480 என்றே காட்டலாம். செருகும் யூ.எஸ்.பி. 3.0 நுனியில் பழைய நான்கு தொடுமுனைகள் முன்னாலும், புதிய ஐந்து தொடுமுனைகள் பின்னாலும் உள்ளன. மெதுவாகவோ அரைகுறையாகவோ செருகினால் முன் நான்கு மட்டும் தொட்டு, கணினி அதை யூ.எஸ்.பி. 2.0 என்றே ஏற்றுக்கொள்ளும். எச்சரிக்கை எதுவும் பெரும்பாலும் வராது. கடலோர ஊர்களில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உப்புக் காற்றும் ஈரமும் தொடுமுனைகளில் படிந்து அரிக்கும். பின்னாலுள்ள ஐந்தில் ஒன்று அரித்தாலும் வேகம் பழைய நிலைக்கு இறங்கிவிடும். தட்டு வேலை செய்துகொண்டே இருப்பதால் யாருக்கும் தெரியாது. பழவேற்காடு போன்ற இடங்களில் மூடி போட்ட பென்டிரைவும், பயன்படுத்தாத துளைக்கு ரப்பர் அடைப்பும் ஆடம்பரமில்லை.

பெயர்களின் குழப்பம்

2008இல் யூ.எஸ்.பி. 3.0 என்ற பெயர் தெளிவாக இருந்தது. 2013இல் 10 கிகாபிட் நியமம் வந்தபோது, யூ.எஸ்.பி. நியமங்களை ஆளும் அமைப்பு பழையதற்கு யூ.எஸ்.பி. 3.1 ஜென் 1 என்றும் புதியதற்கு ஜென் 2 என்றும் பெயரிட்டது. 2017இல் 20 கிகாபிட் வகை சேர்ந்ததும், பழையது யூ.எஸ்.பி. 3.2 ஜென் 1 ஆயிற்று. ஒரே துளை, ஒரே சில்லு, ஒரே வேகம். ஒன்பது ஆண்டுகளில் மூன்று பெயர்கள். இன்று ஒரு விலைப்பட்டியலில் யூ.எஸ்.பி. 3.2 என்று மட்டும் எழுதியிருந்தால் அது 5 ஆகவும் இருக்கலாம், 10 ஆகவும் இருக்கலாம், 20 ஆகவும் இருக்கலாம். எழுதியவரைப் பொய்யர் என்று சொல்லவும் முடியாது.

பழைய சரக்குக்குப் புதிய சீட்டு ஒட்டும் உரிமையை விற்பனையாளர்களுக்கு வழங்கியது என்பதைத் தவிர, இந்தப் பெயர்மாற்றத்தால் எவருக்கும் பயன் விளைந்ததாகத் தெரியவில்லை. 2022இல் அந்த அமைப்பே தன் போக்கை மாற்றிக்கொண்டு, பெட்டியின் மேல் பதிப்பு எண்ணை விட்டுவிட்டு 5, 10, 20, 40 கிகாபிட் என்ற வேகத்தையே அச்சிடும்படி பரிந்துரைத்தது. நல்ல முடிவு, காலம் கடந்த முடிவு. பழைய பெயர்கள் விலைப்பட்டியல்களிலும் ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களிலும் ஊறிவிட்டன.

சி வகைத் துளை 2014இல் வந்து இந்தக் குழப்பத்தை ஒரு வகையில் குறைத்தது, வேறொரு வகையில் கூட்டியது. எப்படிப் புரட்டினாலும் செருகலாம். பத்தாயிரம் முறை செருகிப் பிடுங்கத் தாங்குமாறு வகுக்கப்பட்டது. பழைய ஏ வகைக்கு அந்த எண் 1,500தான். ஆனால் துளையின் வடிவம் வேகத்தைச் சொல்லாது. 2023இல் வந்த ஐபோன் 15இன் சாதாரண வகையில் சி துளை உண்டு. உள்ளே ஓடுவது 480 மெகாபிட், அதாவது 2000ஆம் ஆண்டின் யூ.எஸ்.பி. 2.0. அதே வடிவத் துளையில் 40 கிகாபிட் ஓடும் மடிக்கணினியும் உண்டு. முன்பு ஈ-சாட்டா கேபிளை யூ.எஸ்.பி. துளையில் செருக முடியாது. தவறு உடனே தெரிந்துவிடும். இன்று எல்லாம் எல்லாவற்றிலும் நுழைகிறது. தவறு தெரிவதே இல்லை.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் சி வகைத் துளைக்கும் கேபிளுக்கும் பன்னாட்டு விதிகளையே இந்திய நியமமாக ஏற்று 2023 ஜனவரியில் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் கைப்பேசி முதலிய கருவிகளுக்கு 2024 டிசம்பர் 28 முதல் சி துளை கட்டாயமாயிற்று. வீட்டுக்கு ஐந்து சார்ஜர் என்ற தொல்லை இதனால் குறையும். ஆனால் இவ்விரு ஏற்பாடுகளின் அக்கறையும் வடிவமும் மின்னேற்றமுமே. தரவு எவ்வளவு வேகத்தில் போகும் என்ற கேள்வி வாங்குபவரின் தலையில் விடப்பட்டுள்ளது.

வரவிருப்பவை

இன்டெல் 2019இல் தண்டர்போல்ட் 3இன் விதிகளை யூ.எஸ்.பி. அமைப்புக்கே கொடுத்துவிட்டது, அவற்றின் மேல் எழுந்ததுதான் யூ.எஸ்.பி. 4. எதிரெதிரே நின்ற இரண்டும் ஒரே துளைக்குள் வந்தன. அதே ஆண்டின் ஐஸ் லேக் மடிக்கணினிச் செயலிகளில் தண்டர்போல்ட் உள்ளேயே அமைந்தது. ஏ.எம்.டி. 2022இன் ரைசன் 6000 வரிசையில் யூ.எஸ்.பி. 4ஐச் சேர்த்தது. மேசைக் கணினிக்கான 2024இன் எக்ஸ்870 சிப்செட் தாய்ப்பலகைகளில் யூ.எஸ்.பி. 4 இருந்தே ஆக வேண்டும் என்று விதித்தது. அங்கும் அதைத் தருவது தாய்ப்பலகையில் பதிக்கும் தனிச் சில்லுதான்.

80 கிகாபிட் நியமத்துக்கும் இதே நிலை. யூ.எஸ்.பி. 4இன் இரண்டாம் பதிப்பு 2022இல் விதியாக வெளியானது. அதன் அடிப்படையிலான தண்டர்போல்ட் 5 அறிவிப்பு 2023 செப்டம்பரில் வந்தது. முதலில் வந்த கணினிகளில் அது செயலிக்குள்ளும் இல்லை, சிப்செட்டுக்குள்ளும் இல்லை. பார்லோ ரிட்ஜ் என்ற தனிச் சில்லாகவே பதிக்கப்பட்டது. 2009இல் என்.இ.சி. சில்லு நின்ற அதே இடம். முகத்துவாரம் ஆழமாகும் வரை விலை உயர்ந்த கணினிகளுக்கு மட்டுமே அது கிட்டும்.

தமிழக அரசின் 2025 மார்ச் நிதிநிலை அறிக்கை, அடுத்த இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று அறிவித்தது. இந்த அளவில் வாங்கும்போது ஒப்பந்தப்புள்ளியின் ஒரு வரி லட்சக்கணக்கான மேசைகளைத் தொடுகிறது. யூ.எஸ்.பி. 3.2 என்று எழுதாமல், சிப்செட்டிலேயே அமைந்த, 10 கிகாபிட் வேகமுள்ள சி துளை ஒன்று, 5 கிகாபிட் வேகமுள்ள ஏ துளை இரண்டு என்று எழுதுவதற்குக் கூடுதல் செலவு மிகச் சிறிது. இன்டெல்லின் 300 வரிசை முதல் 10 கிகாபிட் சிப்செட்டுக்குள்ளேயே உண்டு. அது 2018இன் சரக்கு. 40 கிகாபிட் கேட்பது இப்போதைக்குப் பொருளற்றது. மாணவர் கையிலிருக்கும் சுழலும் வன்தட்டு இன்னும் அந்த 100 மெகாபைட்டைச் சுற்றியே ஓடுகிறது. மலிவான திடநிலைத் தட்டு 500ஐத் தொடும். 5 கிகாபிட் துளை முன்னதற்கு மிகை, பின்னதற்கு ஏறத்தாழச் சரி. 10 கிகாபிட் துளை இரண்டுக்கும் தாராளம்.